செயற்கை ரத்தக் குழாயில் தையல் போட்ட இடம் ஏன் அடைக்கிறது?

காலுக்குப் போகும் தமனி அடைத்துவிட்டால், அந்த இடத்தைத் தாண்டி ஒரு மாற்றுக் குழாயைத் தைத்து ரத்தத்துக்கு வழி விடுவார்கள். நோயாளியின் காலிலிருந்தே எடுத்த சிரைதான் முதல் தேர்வு. அது சரியாக இல்லையென்றால் டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணிக்குழாய், இல்லாவிட்டால் நீட்டி நுண்துளைகள் உண்டாக்கிய டெஃப்லான் குழாய்.

1950களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி டாக்ரான் துணியை வீட்டுத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்தார். இன்று பெருந்தமனியில் வைக்கும் டாக்ரான் குழாய்கள் பல்லாண்டு நன்றாகவே உழைக்கின்றன. சிக்கல் சிறிய குழாய்களில்தான். விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அவை சீக்கிரமே அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் உறைவது ஒரு காரணம். குழாய் போதுமான அளவு விரிந்து கொடுக்காதது இன்னொன்று.

தமனி ஒவ்வொரு துடிப்பிலும் சற்று விரிந்து சுருங்கும். 6 மில்லிமீட்டர் தமனியில் இது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் ஒப்பீட்டில் தமனியின் நெகிழ்வு, அதாவது அழுத்தத்துக்கு விரிந்து கொடுக்கும் அளவு, 5.9, சிரை 4.4, டாக்ரான் 1.9, டெஃப்லான் 1.6. நல்ல பலன் தரும் வரிசையும் ஏறக்குறைய இதுவேதான்.

தையல் போட்ட இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரிய மறுக்கிறது. நடுவில் இருக்கும் பாலிப்ரொப்பிலீன் நூலும் விறைப்பானது. அதனால் தமனியின் சுவர் அங்கே ஒவ்வொரு துடிப்புக்கும் வளைந்து இழுபடுகிறது. தையலிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் விரிகிறது. ரத்த ஓட்டம் அங்கே குலைந்து, சுவரை ஒட்டிய பகுதியில் மெதுவாக முன்னும் பின்னும் அலைகிறது. சுவரின் தசைச் செல்கள் இதைக் காயமாக எடுத்துக்கொண்டு பெருகி உள்பக்கம் தடித்துக்கொண்டே வருகின்றன. மாதக்கணக்கில் வழி குறுகி, கடைசியில் ஒரு ரத்தக்கட்டி மூடிவிடுகிறது.

சரி, மெத்தென்ற பொருளால் குழாய் செய்துவிடலாமே? அது அவ்வளவு சுலபமில்லை. தமனிச் சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. எலாஸ்டிக் நாடாவோடு தொளதொளவென்று ஒரு நூலையும் சேர்த்துத் தைத்த மாதிரி: குறைந்த அழுத்தத்தில் எலாஸ்டின் தாராளமாக நீளும், அழுத்தம் ஏற ஏற, சுருண்டு கிடந்த கொலாஜன் இழைகள் நிமிர்ந்து பிடித்து நிறுத்தும். மெத்தென்ற ஒரே பொருளுக்கு இந்தக் குணம் இல்லை. தொடர் அழுத்தத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துப் புடைத்துவிடக்கூடும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, ஆய்வகத்தில் எடுத்த அளவு உடம்புக்குள் நிலைப்பதில்லை என்பதுதான். நுண்துளைகளில் திசு ஊடுருவி, வெளியே நார்த்திசு சூழ்ந்து, நெகிழ்வான குழாயும் சில மாதங்களில் விறைத்துப்போகிறது. அப்புறம் முதல் நாளன்று தமனியோடு பொருந்தியிருந்ததால் என்ன பயன்? குழாயை விற்பவர்கள் வைக்கும் நாளின் நெகிழ்வோடு ஓராண்டு கழித்து இருக்கும் நெகிழ்வையும் சொல்ல வேண்டும் என்பேன்.

இதனால்தான் மனிதச் செல்களை, அவை ஒட்டி வளரத் தாங்கும் ஒரு சட்டகத்தின் மேல் வளர்த்துக் கொலாஜன் குழாய் உருவாக்கி, பிறகு செல்களைக் கழுவி நீக்கும் முறை கவனம் பெறுகிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு, கை கால் தமனிக் காயங்களில் பயன்படுத்த, 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பொருத்திய பிறகு நோயாளியின் சொந்தச் செல்களே அந்தச் சுவருக்குள் குடியேறுகின்றன.