எட்டாம் மாடிப் பேய்

அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கத் தேக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு செங்காங்கில் ரயில் ஏறினேன். ஹவ்காங்கில் ஏறிய கூட்டத்தில் ஒடுங்கி நின்றபடியே, அவன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, ஜெங்கார் ஆயிடுச்சு. லெவல் முப்பத்தேழுலயே!"

எனக்கு வயிறெரிந்தது. போக்கிமான் என்பது பந்தெறிந்து பூதங்களைப் பிடித்து வளர்க்கும் விளையாட்டு. அதன் ஃபயர்ரெட் பதிப்பில் ஹான்டர் என்றொரு பேய் உண்டு. அது ஜெங்காராக வளர வேண்டுமென்றால், அதை இன்னொருவருடைய கேம்பாய்க்கு (கையடக்க விளையாட்டுக் கருவி) அனுப்பியாக வேண்டும். தனியாக விளையாடுகிறவன் எத்தனை லெவல் ஏற்றினாலும் ஹான்டர் ஹான்டர்தான். தேசியச் சேவைக்குப் போகும் முன் நான் அதை 61ஆம் லெவல் வரை இழுத்துவந்திருந்தேன். இணைப்புக் கேபிள் வைத்திருந்த ஒரே நண்பன் குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபோய்விட்டான். அத்தோடு சரி, என் பேய்க்கு வளர்ச்சி நின்றது.

பையன் விளையாடுவது ஒரிஜினல் இல்லை, ரசிகர்கள் கைவைத்த பதிப்பு. ரோம் ஹேக் என்பார்கள். ஹேக் என்றதும் வங்கிக் கணக்கை நினைத்துப் பதறுகிறவர்கள் (என் அக்கா அந்த ரகம்) பயப்பட வேண்டாம். யாருடைய கணினிக்குள்ளும் யாரும் புகவில்லை. ஒரு பழைய விளையாட்டுக்குள் சில எண்களை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த எண்களை, எப்படிக் கண்டுபிடித்து மாற்றினார்கள் என்பதுதான் சுவாரசியமான கதை.

ஃபயர்ரெட் 2004இல் வந்தது. 1996இல் ஜப்பானில் கேம்பாய்க்கு வெளியான முதல் போக்கிமானை, கேம்பாய் அட்வான்ஸுக்காகப் புதுப்பித்துச் செய்தது. கருவியில் செருகும் அதன் கார்ட்ரிஜுக்குள் இருக்கும் சில்லில் புரோகிராம், படம், இசை, வசனம் எல்லாமே 0 முதல் 255 வரையிலான எண்களாக வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். மொத்தம் 16,777,216 பைட், அதாவது 16 மெகாபைட். சில்லைப் படிக்கலாம், எழுத முடியாது. ஆனால் அதைக் கணினியில் நகலெடுத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

நகலைத் திறந்தால் எண்களின் காடு. எங்கே என்ன இருக்கிறது என்று யாரும் குறிப்பு எழுதி வைத்திருக்கவில்லை. அப்புறம் எப்படித் தேடுவது? தெரிந்ததை வைத்துத்தான். ஃபயர்ரெட்டில் பிக்காச்சு என்ற பூதத்தின் பலம் விளையாடுகிறவர்களுக்கு மனப்பாடம்: உயிர் 35, தாக்குதல் 55, தற்காப்பு 30, வேகம் 90, சிறப்புத் தாக்குதல் 50, சிறப்புத் தற்காப்பு 40. இந்த ஆறு எண்களும் இதே வரிசையில் அடுத்தடுத்து எங்கே வருகின்றன என்று தேடினால் பிக்காச்சுவின் வரி அகப்பட்டுவிடும். அதைத் தொடர்ந்து 13, 13 என்று இரண்டு எண்கள். மின்சார வகைக்கு விளையாட்டு கொடுத்திருக்கும் எண் 13. அதையடுத்து 190. பந்தை எறிந்தால் எவ்வளவு சுலபமாகப் பிடிபடும் என்பதன் அளவு அது. புழு மாதிரி இருக்கும் கேட்டர்பிக்கு அந்த இடத்தில் 255, மியூட்டூவுக்கு வெறும் 3. பள்ளி விடுமுறையில் மியூட்டூவிடம் பந்து பந்தாகத் தோற்றவர்கள் அந்த 3ஐக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்க்கலாம்.

ஒரு வரி கிடைத்தால் அட்டவணையே கிடைத்த மாதிரி. எல்லாப் பூதங்களுக்கும் ஒரே நீளத்தில் வரி ஒதுக்கியிருக்கிறார்கள். 28 பைட் தள்ளிப் போனால் அடுத்த பூதம் நிற்கும்.

யார் எப்போது என்னவாக வளரும் என்பதற்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதில் ஒவ்வொரு பூதத்துக்கும் 40 பைட். ஹான்டரின் எண் 93. 93ஐ 40ஆல் பெருக்கினால் 3720. அட்டவணையின் தொடக்கத்திலிருந்து 3720 பைட் நகர்ந்தால் என் பழைய பேயின் தலையெழுத்து இப்படி எழுதியிருக்கிறது:

5, 0, 0, 0, 94, 0, 0, 0.

முதல் எண் 5 என்றால் 'பரிமாற்றத்தில் வளரும்' என்று பொருள். 94 ஜெங்காரின் எண். அந்த 5ஐ 4 ஆக்கினால் 'லெவலில் வளரும்'. எந்த லெவல் என்பது மூன்றாவது எண்ணில் இருக்கும். அங்கே 37 என்று போட்டால் வேலை முடிந்தது. 5, 0, 0 இருந்த இடத்தில் 4, 0, 37. இதற்காக நான் இருபது வருஷம் காத்திருந்தேன்.

சரி, மாற்றியதை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? விளையாட்டோ நிறுவனத்தின் சொத்து. முழு விளையாட்டையும் நகலெடுத்துப் பரப்புவது திருட்டு. அதனால் ரசிகர்கள் வித்தியாசத்தை மட்டும் கொடுக்கிறார்கள். நம்முடைய பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ஒரு தாள் ஒட்டியிருக்குமே, 'பிழைதிருத்தம்: பக்கம் 37, வரி 12, இப்படிப் படிக்கவும்' என்று? அதேதான். பேட்ச் என்று சொல்வது இந்தத் தாளைத்தான். புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்திருக்க வேண்டும், தாளை அவர்கள் தருவார்கள்.

ஐபிஎஸ் என்ற பழைய பேட்ச் வகை அந்தத் தாளைவிடவும் எளிமை. தொடக்கத்தில் 'பேட்ச்' என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடம் சொல்ல 3 பைட், நீளம் சொல்ல 2 பைட், அப்புறம் புதிய எண்கள். கடைசியில் முடிந்தது என்று சொல்ல 3 எழுத்துகள். என் பேய்க்கான திருத்தத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5, 3, 2, 3, 3. மொத்தம் 16 பைட். 16 மெகாபைட் விளையாட்டின் நியதியை மாற்ற 16 பைட்.

எளிமைக்கு விலை உண்டு, நான் கொடுத்தேன். பையன் விளையாடும் பதிப்பின் பேட்சை என் சொந்தக் கார்ட்ரிஜின் நகலில் போட்டபோது வெறும் வெள்ளைத் திரை. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய், வைத்திருந்த காப்பியும் ஆறிய பிறகுதான் விளங்கியது. ஃபயர்ரெட்டின் ஆங்கிலப் பதிப்பே இரண்டு உண்டு. நிறுவனம் சில பிழைகளைத் திருத்தி 1.1 என்று மறுபடி அச்சிட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது அது. பேட்ச் எழுதியவரோ 1.0ஐ வைத்து எழுதியிருக்கிறார். முதல் பதிப்பின் பிழைதிருத்தத்தை இரண்டாம் பதிப்பில் போட்டால், 37ஆம் பக்கத்தில் நல்லபடியாக இருந்த வரி கெட்டுப்போகும். ஐபிஎஸ்ஸுக்கு அது தெரியாது. சொன்ன இடத்தில் சொன்னதை எழுதிவிட்டுப் போய்விடும். யுபிஎஸ் என்ற பிந்தைய வகை, எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதற்கான சோதனை எண்ணைக் கூடவே வைத்திருக்கும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கும்.

இதுவரை சொன்னது இருந்த இடத்திலேயே எண்ணை மாற்றுவது. புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால்தான் தலைவலி ஆரம்பம்.

கேம்பாய் அட்வான்ஸின் நினைவகத்தை ஒரு வீவக அடுக்குமாடி புளோக்காக நினைத்துக்கொள்ளுங்கள். முகவரியின் முதல் பகுதி மாடி எண். இரண்டாம் மாடியில் 256 கிலோபைட் வேலைக்கூடம். மூன்றாம் மாடியில் 32 கிலோபைட்தான், ஆனால் வேகமானது. ஆறாம் மாடியில் திரைக்கான படங்கள். கார்ட்ரிஜ் எட்டாம் மாடியில் குடியிருக்கிறது. இது நான் வசதிக்காகச் சொல்வதில்லை, முகவரி நிஜமாகவே 08 என்றுதான் தொடங்கும். நம் வீட்டுக் கதவில் 08-க்குப் பிறகு ஓர் எண் போட்டிருப்பது போல.

புரோகிராமின் ஒரு பகுதி இன்னொன்றைத் தேடிப் போக இந்த முகவரியைத்தான் கையில் வைத்திருக்கும். அதைப் பாயிண்டர் என்பார்கள். எழுதும்போது பின்னாலிருந்து எழுதும் வழக்கம், அதனால் 8 கடைசியில் வரும். எண்களின் காட்டில் நாலுக்கு ஒரு தரம் 8 தலைகாட்டினால் முகவரிப் பட்டியலில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

இப்போது ஈவீ என்ற பூதத்திடம் வருவோம். வளர்ச்சி அட்டவணையில் ஆளுக்கு 40 பைட் என்றேன். அது எட்டு எட்டாக ஐந்து அறை. ஃபயர்ரெட் காலத்தில் ஈவீ ஐந்து விதமாக வளரும், ஐந்து அறையும் நிறைந்துவிட்டது. பிற்காலத்தில் லீஃபியான், கிளேசியான், சில்வியான் வந்தன. அவற்றையும் சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு அறை இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தால் பக்கத்துப் பூதம் கெட்டுப்போகும். ஒரே வழி, குடும்பத்தோடு பெரிய வீட்டுக்குக் குடிபோவது. நல்லவேளையாக எட்டாம் மாடியில் 255 என்று மட்டும் நிரப்பப்பட்ட காலி இடம் நிறைய உண்டு. முழு அட்டவணையையும் அங்கே எழுதிவிட்டு, பழைய முகவரியை வைத்திருந்த அத்தனை பேருக்கும் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் அவர் காலி வீட்டுக் கதவைத் தட்டுவார், விளையாட்டு உறைந்துபோகும். அதோடு 40ஆல் பெருக்கு என்று புரோகிராமில் எழுதியிருக்கும் இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஒரு பூதத்தின் மூன்று புதிய வடிவங்களுக்கு இத்தனை பாடு.

காலி இடமும் தீர்ந்துபோனால்? கார்ட்ரிஜுக்கு வன்பொருள் ஒதுக்கியிருப்பது 32 மெகாபைட். ஃபயர்ரெட் அதில் பாதிதான். மீதி ஒன்பதாம் மாடி, முகவரி 09. பெரிய ஹேக்குகள் அங்கேயும் கட்டிக்கொண்டு போகின்றன. ஐபிஎஸ்ஸின் 3 பைட் முகவரியோ சரியாக 16 மெகாபைட்டோடு நின்றுவிடும், ஒன்பதாம் மாடிக்கு அதனால் ஏற முடியாது. யுபிஎஸ் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சுவரிடிப்பு வேலையெல்லாம் இப்போது குறைந்துவருகிறது. பிரெட் என்ற ரசிகர் குழு, எண்களைப் பார்த்துப் பார்த்தே மூலப் புரோகிராமை மனிதர் படிக்கும் வடிவில் திரும்ப எழுதிவிட்டது. அதைப் பழைய கம்பைலரில் (எழுதிய புரோகிராமை எண்களாக மாற்றும் கருவி) போட்டால் ஒரு பைட் பிசகாமல் அசல் கார்ட்ரிஜ் வெளியே வர வேண்டும். அப்படி வந்தால்தான் எழுதியது சரி என்று ஒத்துக்கொள்கிறார்கள். வேகவைத்த சோற்றிலிருந்து அரிசியை மீட்டு, மறுபடி வேகவைத்து, அதே சோறு வருகிறதா என்று பார்ப்பது போல. எனக்கு இதில் பிரமிப்பு தீரவே இல்லை. இந்த வடிவத்தில் ஈவீக்கு ஆறாவது அறை வேண்டுமென்றால் ஓர் எண்ணை மாற்றினால் போதும், முகவரிகளைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

பிழைதிருத்தத் தாள் மட்டும்தானே என்று நிறுவனம் எப்போதும் சும்மா இருந்துவிடவில்லை. எட்டு வருஷம் உழைத்த பிரிசம் என்ற ஹேக், 2016 டிசம்பரில் வெளியாகச் சில நாள் இருக்கும்போது நின்டெண்டோவின் வக்கீல் கடிதத்தால் நின்றது. கொஞ்ச நாளில் வேறு வழியாகக் கசிந்தது வேறு விஷயம்.

என் ஹான்டருக்கு வருகிறேன். முதல் தலைமுறைக் கார்ட்ரிஜ்களில் சேமிப்பைக் காப்பாற்றியது ஒரு சின்ன பேட்டரி. அது செத்தால் பூதங்களும் போச்சு. ஃபயர்ரெட்டில் சேமிப்பு ஃபிளாஷ் சில்லில். அதனால் என் அலமாரியில் இத்தனை வருஷம் கிடந்தும் 61ஆம் லெவல் பேய் பத்திரமாக இருந்தது. அதையும் கணினிக்கு எடுத்தேன். 4, 0, 37 என்று திருத்திய நகலோடு எமுலேட்டரில் (கேம்பாய் போல நடிக்கும் கணினிப் புரோகிராம்) போட்டதும் '1எம் துணைச் சர்க்யூட் போர்டு பொருத்தப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. சேமிப்பு இருப்பது பதினான்காம் மாடியில், அங்கே ஒரு நேரத்தில் 64 கிலோபைட்தான் தெரியும். ஃபயர்ரெட்டுக்கு 128 வேண்டும், இரண்டு பாதியாக மாற்றி மாற்றித்தான் பார்க்கும். எமுலேட்டர் அமைப்பில் 64 என்று இருந்ததை 128 ஆக்கினேன், திறந்துகொண்டது.

பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, பேரைத் தமிழ்ல போடலாமா?"

போடலாம். இந்த விளையாட்டுக்கென்றே தனி எழுத்துப் பட்டியல் உண்டு. ஆங்கில 'ஏ' 187ஆம் எண், பெயர் முடிந்தது என்பதற்கு 255. ஒரு பெயருக்கு 11 பைட். எண்ணுக்கு நேராக இருக்கும் புள்ளிப் படத்தைத்தான் திரையில் வரையும், அது எந்த மொழி என்று கவலைப்படாது. யாரும் தொடாத, தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் 1, 2 ஆகிய எண்களில் இருந்தன. ஒன்றின் மேல் 'பே' வரைந்தேன், இன்னொன்றின் மேல் 'ய்'. ஜெங்காரின் பெயர் இப்போது 1, 2, 255. (மூன்று சுழி ணகரம் வரும் பெயராகக் கேட்டிருந்தால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் தவித்துப்போயிருப்பேன்.)

விளையாட்டுப் பையில் ஒரு ரேர் கேண்டி (ஒரு லெவல் ஏற்றிவிடும் மிட்டாய்) மிச்சம் இருந்தது. கொடுத்தேன். லெவல் 62. வளரும்போது விளையாட்டு 37ஐ எட்டிவிட்டதா என்றுதான் பார்க்கும், எத்தனை வருஷம் தாமதம் என்று பார்க்காது. திரை இருண்டது, ஹான்டர் வெள்ளையாக மினுங்கியது, பழைய இசை வந்தது. பிறகு ஆங்கில வாக்கியத்தின் நடுவே, கொஞ்சம் கோணலாக, 'உன் ஹான்டர் இப்போது பேய்' என்று வந்து நின்றது.

"இதுக்கா மாமா இவ்ளோ நேரம்?" என்றான்.