ஈரம் பட்டால் வெண்கட்டிக் கோடு ஏன் மறைகிறது?

கறுப்பு மட்டையில் வெண்கட்டியால் வளவின் ஒரு மூலை: கிணற்றுக்கட்டு, பின்னால் வாழை, ஓரத்தில் செவ்வரத்தை. அதில் ஒரு துளி தண்ணீர் விழட்டும். அந்த இடத்து வெள்ளை மறையும், காய்ந்ததும் திரும்பி வரும். தூள் அங்கேயேதான் இருந்தது.

பள்ளிக்கூட வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், சில வகை கல்சியம் காபனேற்று. (தேசிக்காய்ச் சாறு விட்டால் காபனேற்று நுரைக்கும், ஜிப்சம் சும்மா கிடக்கும்.) இரண்டின் படிகமும் தனியே பார்த்தால் நிறமற்றதுதான். வெள்ளையாகக் காட்டுவது துகள்களுக்கு இடையிலுள்ள வளி. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்தான் முறிவுச் சுட்டி. ஜிப்சத்துக்கு அது ஏறத்தாழ 1.52, வளிக்கு 1.00. இந்த வித்தியாசத்தால் ஒளி ஒவ்வொரு துகளிலும் முறிந்து, தெறித்து, சிதறிக் கண்ணுக்கு வருகிறது. தண்ணீரின் சுட்டி 1.33. அது இடைவெளியை நிரப்பியதும் வித்தியாசம் 0.52இலிருந்து 0.19 ஆகிவிடும். சிதறல் குறைய, ஒளி உள்ளே இறங்கி மட்டையின் கறுப்பில் முடிந்துபோகும்.

படத்தை நிலைநிறுத்தத் தெளிக்கும் பிசின் திரவமும் இதையேதான் செய்கிறது, ஆனால் நிரந்தரமாக. ஆகவே 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று மெல்லிய பூச்சாக இரண்டு தடவை தெளித்தால் போதும். நனைய நனைய அடித்தால் படம் மங்கிவிடும். வாழையிலை விளிம்பில் விழும் வெயில் போன்ற பளிச்சென்ற வெள்ளைகளை, பிசின் தெளித்துக் காய்ந்த பிறகு போடுங்கள். அவற்றின் மேல் மீண்டும் தெளிக்க வேண்டாம்.

மட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும். அதன் மேடுகள் வெண்கட்டியை அராவ, குழிகள் தூளைப் பிடித்துக்கொள்ளும். குழிகள் நிரம்பிவிட்டால் அடுத்த நிறம் வழுக்கும். அப்போது அழுத்துவதில் பயனில்லை. மட்டையைப் பின்புறம் தட்டி உதிர்க்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். விரலால் தேய்ப்பதும் அளவோடுதான்: தோலின் எண்ணெய் வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிழலுக்கு ஒன்றும் பூச வேண்டாம், மட்டையின் கறுப்பே நிழல். அமைதியான மூலையொன்றை வரைய இதைவிட நல்ல வழி கிடையாது.

வெண்கட்டியை ஒரு பங்கு சீனி, மூன்று பங்கு தண்ணீர் கரைசலில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வரைவதும் உண்டு. சீனி பசையாகித் தூள் உதிராது. கோடு முதலில் மங்கலாகத்தான் விழும், காயும்வரை பொறுத்துத்தான் மதிப்பிட வேண்டும். மட்டக்களப்பு மாரியில் மட்டும் இதை விட்டுவிடலாம். வாவிக்காற்றின் ஈரத்தில் சீனி பிசுபிசுக்கும், எறும்பும் வந்துவிடும்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் முட்டாமல் சில மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் தகடு வேண்டாம். துடைத்தால் நிலைமின் ஏறி, தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.