விளக்கைக் கூட்டாதீர்கள்: உட்புற ரெண்டரில் ஒளி வேலை செய்யும் விதம்

ஒரு வரவேற்பறையின் ரெண்டர், அதாவது 3டி மாதிரியிலிருந்து கணினி கணக்கிட்டு உருவாக்கும் படம், செயற்கையாகத் தெரிந்தால், பலர் முதலில் செய்வது மூலைக்கு ஒரு விளக்கைக் கூடுதலாக வைப்பதுதான். இருட்டு போய்விடும், கூடவே நிழலும் போய்விடும். நாற்காலிக் கால் தரையில் நிற்கிறதா, மிதக்கிறதா என்று சொல்ல முடியாத தட்டையான படம்தான் மிஞ்சும். விளக்கு குறைவாக இருப்பது அங்கே சிக்கலே அல்ல. ஒளிமூலத்தின் அளவு, ஒளிகளுக்கு இடையிலான விகிதம், சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று மெய்யுலகக் கணக்கிலிருந்து விலகியிருக்கிறது.

முதலில் சூரியன். பூமியிலிருந்து பார்க்கும்போது அது புள்ளி அல்ல, சுமார் 0.53 டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால்தான் நிழலின் விளிம்பு, நிழல் தரும் பொருளிலிருந்து விலக விலக மங்குகிறது. எவ்வளவு மங்கும் என்பதற்கு, தூரத்தை 0.0093-ஆல் பெருக்கினால் போதும்: 1 மீட்டருக்கு 9 மி.மீ., 10 மீட்டருக்கு 9 செ.மீ. தரையில் ஒளி சாய்வாக விழுந்தால் இன்னும் அகலும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சன் விளக்கின் (சூரியனைப்போல் ஒளி தரும் விளக்கு) கோணம் 0.526 என்று இருப்பது இதற்காகத்தான். வி-ரே, கொரோனா என்ற ரெண்டர் மென்பொருள்கள் இரண்டிலும் சூரியனின் அளவு 1 என்றால் இதே வட்டு. 0 கொடுத்தால் எல்லா நிழலும் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். 5 டிகிரிக்கு ஏற்றினால் வெயில் மட்டும் சுள்ளென்று அடிக்க, நிழல் மட்டும் மேகமூட்டத்தைக் காட்டும். என்ன தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும், கண் அதை ஏற்காது.

எச்.டி.ஆர்.ஐ. வானத்தை (மங்கல் முதல் உச்சம் வரை பிரகாச அளவுகளைப் பதிந்த வானப் படம்) ஒளியாகப் பயன்படுத்தினால் ஒரு சோதனை அவசியம். வெயில் நாள் படம்தான், ஆனால் நிழல் மெத்தென்று விழுகிறது என்றால், படமெடுத்தபோதே சூரியனின் உச்சப் பிரகாசம் வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போது வானப் படத்தில் சூரியன் இருக்கும் திசையிலேயே தனியாக ஒரு சன் விளக்கை வையுங்கள். திசை சற்றுப் பிசகினாலும் நிழல் இரட்டையாக விழும்.

விகிதத்துக்கு வருவோம். உச்சி வெயிலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). விளக்கு மட்டும் எரியும் வீட்டு அறையில் 150 முதல் 300 லக்ஸ். 300 என்றே வைத்தாலும் இடைவெளி 8 ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது). ஆகவே அறைக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் (கேமரா ஏற்கும் ஒளியின் அளவு) வைத்தால் வெயில் படும் வெளிப்புறம் வெளுக்கத்தான் செய்யும். அதற்குப் பயந்து சூரியனைக் குறைப்பது பெரிய பிழை. சூரியனையும் வானத்தையும் தொடாமல் கேமராவின் எக்ஸ்போஷரை மாற்றுங்கள். டோன் மேப்பிங்கில் (பிரகாச அளவுகளைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கும் படி) உச்சங்களை அடக்கி, ஜன்னல் அறையைவிட 2 அல்லது 3 ஸ்டாப் கூடுதலாக இருக்கும்படி விடுங்கள். நண்பகல் காட்சியில் மேசை விளக்கு பளிச்சென்று எரிவதும் இந்தக் கணக்கின்படி பொய். விளக்குகள் தெரிய வேண்டுமானால் நேரத்தை அந்திக்கு மாற்றுவதே நேர்மையான வழி: வானம் மங்கி, உள்ளொளியோடு சமமாகும் சில நிமிடங்கள் அவை. 2700 கெல்வின் நிறவெப்பமுள்ள மஞ்சள் விளக்குகளோடு ஒயிட் பேலன்ஸை (எந்த ஒளியை வெள்ளையாகக் காட்டுவது என்ற கேமரா அமைப்பு) 6500-இல் விட்டால் அறை முழுக்க ஆரஞ்சாகிவிடும். 4000-ஐ ஒட்டி வைத்தால் உள்ளே மெல்லிய இளஞ்சூடும் வெளியே நீலமும் நிற்கும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் சுவர்தான். அறைக்குள் வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் பலமுறை பட்டுத் திரும்பியது. வெள்ளைச் சுண்ணச் சுவர் சுமார் 80 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது, திரை நிறங்களுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. அளவில் (0 முதல் 255 வரை) அது ஏறத்தாழ 230. வெள்ளைதானே என்று 255 கொடுத்தால் சுவர் ஒளியை உறிஞ்சவே உறிஞ்சாது; மூலைகளின் இருள் கரைந்து, இரைச்சல் புள்ளிகளும் (படத்தில் மணல்போல் தெரியும் பொட்டுகள்) அடங்காது. மறுபக்கம், எல்லாப் பரப்பும் 80 விழுக்காடு உள்ள மூடிய அறையில் பவுன்ஸை, அதாவது ஒளி பட்டுத் திரும்பும் எண்ணிக்கையை, 4-இல் நிறுத்தினால் கிடைக்க வேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 12-க்கு உயர்த்தினால் சுமார் 95 விழுக்காடு வந்துவிடும். பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ் (பளபளப்பற்ற பரப்புகளில் ஒளி திரும்பும் எண்ணிக்கை) இயல்பாக 4 என்று இருப்பதைக் கவனியுங்கள். அறை இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைத் தேடுமுன் இந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் ஜன்னல் கண்ணாடி மேல் விழ வேண்டும். தடிமனுள்ள ஒளிவிலகல் கண்ணாடியைத் தாண்டிப் போய்ச் சூரியனைத் தேடிப் பிடிப்பது பாத் டிரேசருக்கு (ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடும் ரெண்டர் முறை) கடினம். அறை இருளும், அல்லது வெள்ளைப் பொட்டுகள் தெறிக்கும். ஒளிவிலகல் இல்லாமல் நேராக ஊடுருவ விடும் மெல்லிய கண்ணாடிப் பொருளாக மாற்றினால் தீர்ந்தது.

சுவரில் பதியும் விளக்குகளுக்கு ஐ.இ.எஸ். கோப்பு நல்லது, அந்த விளக்கின் ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு பரவுகிறது என்ற அளவீடு அதில் இருக்கிறது. ஒளிமூலத்தை விளக்கின் உடற்கூட்டுக்குள் புதைத்துவிட்டால் மட்டும் எதுவும் வெளியே வராது. அரை சென்டிமீட்டர் வெளியே இழுத்து வையுங்கள்.

இரைச்சலைப் பாதியாக்க சாம்பிள்களை (ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிடும் கதிர்களின் எண்ணிக்கை) நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால் எல்லோரும் இரைச்சலை நீக்கும் டீநாய்சரை நாடுகிறோம். ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) பாஸ்கள் என்ற துணைப் படங்களையும் அதற்குக் கொடுக்காவிட்டால் மர ரேகையும் துணியின் நெசவும் மெழுகுபோல் வழவழப்பாகிவிடும். அவற்றைக் கொடுத்தும் மூலைகளில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், சாம்பிளே போதவில்லை.