வேலை செய்யாத ட்ரிகர்

ஒருவர் தளத்தில் படம் ஏற்றுகிறார். தரவுத்தளத்தில் புதுப் பதிவு ஒன்று சேர்கிறது. அந்தப் படத்தைச் சுருக்க வேண்டும், அவருக்கு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். யார் செய்வது?

சட்டென்று தோன்றுவது ட்ரிகர். பதிவு நுழைந்ததும் தரவுத்தளம் தானாக ஓட்டும் சிறு நிரல் அது. ஆனால் பதிவைச் சேர்க்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள்தான் அது ஓடும் (முழுதாக நடக்கும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்புதான் டிரான்சாக்‌ஷன்). படம் சுருக்க ஐந்து விநாடி ஆனால், ஏற்றியவரும் ஐந்து விநாடி காத்திருப்பார். நடுவில் பிழை வந்தால் பதிவே ரத்து. இன்னொரு கூத்தும் உண்டு: மின்னஞ்சல் போய்விட்டது, அப்புறம் டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகிறது, அதாவது ரத்தாகிறது. இல்லாத படத்துக்கு "ஏற்றப்பட்டது" என்று கடிதம் போயிருக்கும்!

அதனால் ட்ரிகர் ஒரு சீட்டை மட்டும் எழுதிப் போட்டால் போதும். 'வேலைகள்' என்றொரு அட்டவணை; அதில் 'படம் 4182, காத்திருக்கிறது' என்று ஒரு வரி. அதே டிரான்சாக்‌ஷன் என்பதால் பதிவு நின்றால் சீட்டும் நிற்கும், பதிவு போனால் சீட்டும் போகும்.

சீட்டை எடுத்து வேலை பார்ப்பது வொர்க்கர் எனும் தனி நிரல். சீட்டு வந்ததை அதற்குச் சொல்ல போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் நோட்டிஃபை என்ற கட்டளை இருக்கிறது. டிரான்சாக்‌ஷன் உறுதியாகி முடிந்த (கமிட் ஆன) பிறகே அந்த மணி அடிக்கும், நல்ல ஏற்பாடு. ஆனால் அந்நேரம் வொர்க்கர் இணைப்பில் இல்லையென்றால் மணியோசை காற்றோடு போச்சு, யாரும் எடுத்து வைப்பதில்லை. நான் மணியையும் வைப்பேன், நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணையையும் எட்டிப் பார்க்கச் சொல்வேன்.

பத்து வொர்க்கர்கள் ஒரே சீட்டில் விழுந்தால்? 2016 ஜனவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5, ஸ்கிப் லாக்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. இன்னொருவர் பூட்டிய சீட்டைக் காத்து நிற்காமல் தாண்டி, அடுத்ததை எடுக்கலாம். பூட்டிய வொர்க்கர் பாதியில் செத்தால் இணைப்பு அறுந்து, டிரான்சாக்‌ஷன் ரத்தாகி, பூட்டு தானே திறந்துகொள்ளும். சீட்டு பழையபடி காத்திருக்கும். வேறொரு வொர்க்கர் எடுக்கும்.

சரி, மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, 'முடிந்தது' என்று குறிப்பதற்குள் செத்தால்? மறுபடி அனுப்பப்படும். படம் சுருக்குவதில் கவலையில்லை. எத்தனை முறை செய்தாலும் அதே கோப்பின் மேல்தான் எழுதும். மின்னஞ்சலுக்கு அப்படி முடியாது. அனுப்பும் சேவை இடம் கொடுத்தால் சீட்டின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் தள்ளிவிடச் சொல்ல வேண்டும்.