கடல் தாண்டாத பணம்

வெளிநாட்டுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பி மூன்று நாளாகியும் போய்ச் சேரவில்லை என்றால், "நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டது" என்போம். உண்மையில் பணம் கிளம்பவே இல்லை. கடல் தாண்டிப் போவது ஒரு செய்தி மட்டும்தான்.

வங்கிகள் ஒன்றிடம் ஒன்று கணக்கு வைத்திருக்கும். வெளிநாட்டு வங்கியில் தான் வைத்திருக்கும் கணக்கை நம் வங்கி ‘நாஸ்ட்ரோ’ என்று சொல்லும். அதே கணக்கை அந்த வெளிநாட்டு வங்கி ‘வாஸ்ட்ரோ’ என்று சொல்லும். இத்தாலிய மொழியில் எங்களுடையது, உங்களுடையது என்று அர்த்தம். நீங்கள் 1,000 டாலர் அனுப்பச் சொன்னால், உங்கள் கணக்கில் அதைக் கழித்துக்கொண்டு, "எங்கள் கணக்கிலிருந்து 1,000 எடுத்து இன்னாருக்கு வரவு வையுங்கள்" என்று நம் வங்கி செய்தி அனுப்பும். இரண்டு பேரேடுகளில் எண்கள் மாறும். முடிந்தது வேலை.

அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற வலைதான் ஸ்விஃப்ட். 1973-இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலும் டெலக்ஸ் என்ற தட்டச்சுத் தந்தி வழியாகத்தான் இந்தச் செய்திகள் போயின. பலர் நினைப்பதுபோல் ஸ்விஃப்ட்டிடம் யாருடைய பணமும் கிடையாது, அது தபால்காரர்.

சரி, இரண்டு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால்? இரண்டுக்கும் பொதுவான ஒரு மூன்றாவது வங்கியைப் பிடிக்க வேண்டும். சில சமயம் நான்காவதும் தேவைப்படும். தாமதத்துக்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் செய்தியைப் பிரித்து, அதிலுள்ள பெயர்களை, பணப் பரிமாற்றத்துக்குத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலோடு ஒப்பிடும். உங்கள் பெயர் பட்டியலில் உள்ள யாருடைய பெயரையாவது ஒத்திருந்தால், ஒரு ஊழியர் பார்த்து விடுவிக்கும்வரை செய்தி அப்படியே கிடக்கும். அங்கே சனி ஞாயிறு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

போகிற வழியில் கட்டணமும் கழியும். 1,000 அனுப்பினால் 975 போய்ச் சேருவது இப்படித்தான். அனுப்பும் படிவத்திலேயே இதற்கு மூன்று குறிகள் உண்டு: ‘அவர்’ (OUR) என்றால் எல்லாச் செலவும் அனுப்புகிறவருக்கு, ‘பென்’ (BEN) என்றால் பெறுகிறவருக்கு, ‘ஷா’ (SHA) என்றால் இருவருக்கும் பங்கு. ஆங்கில ‘அவர்’ தமிழ்க் காதில் எதிராளியைச் சொல்வதுபோல் விழும். ஏமாந்துவிடாதீர்கள், கட்டுவது நீங்கள்தான்.

எனக்குப் பிடித்த இடம் ஐபான் எண். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் வங்கிக் கணக்கு எண் இந்த வடிவில்தான் இருக்கும். முதல் நான்கு குறிகளைக் கடைசிக்குத் தள்ளி, ஆங்கில எழுத்துகளை எண்களாக்கி (A-க்கு 10, B-க்கு 11, இப்படியே) 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி 1 வராது. ஆனால் இன்னொருவரின் சரியான எண்ணைப் போட்டுவிட்டால் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் ஸ்விஃப்ட் வழியாகப் போகும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 36 குறிகள் கொண்ட ‘யூஇடிஆர்’ என்ற அடையாளம் உண்டு. தாமதமானால் வங்கியில் அதைக் கேட்டு வாங்குங்கள். செய்தி எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.