கையில் எடுத்தாலே குற்றம்

"பேசவில்லை சார், மேப்தான் பார்த்தேன்." வண்டி ஓட்டும்போது செல்போனும் கையுமாகப் பிடிபடுபவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. இந்த வாதம் முன்பு எடுபட்டதும் உண்டு. கலிஃபோர்னியாவின் 2008 சட்டம் பேசுவதையும் கேட்பதையும்தான் தடுக்கிறது என்று சொல்லி, மேப் பார்த்த ஓட்டுநரை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. விபத்துக் காட்சியை ஓட்டியபடியே படம்பிடித்த ஒருவர், 2019இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஏறக்குறைய இதே காரணத்தால் தப்பினார்.

இரண்டு ஓட்டைகளும் இன்று அடைபட்டுவிட்டன. கலிஃபோர்னியாவில் 2017 முதல் போனைக் கையில் பிடித்து இயக்குவதே குற்றம். ஸ்டாண்டில் பொருத்திய போனின் திரையை விரலால் ஒருமுறை தட்டலாம் அல்லது தள்ளலாம், அவ்வளவுதான். பிரிட்டனில் 2022 மார்ச் 25 முதல், கையில் வைத்துக்கொண்டு பாட்டை மாற்றினாலும், மணி பார்க்கத் திரையை ஒளிர வைத்தாலும் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளிகள். லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு அந்த 6 புள்ளியே லைசென்ஸைப் பறித்துவிடும். சிவப்பு விளக்கில் நிற்பதும் அங்கே ஓட்டுவதாகத்தான் கணக்கு.

இந்தியாவில் இதைச் சில்லறை அபராதம் என்று நினைப்பவர்களே அதிகம். அது தவறு. 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு இதை அபாயகரமாக ஓட்டுவதாகவே கருதுகிறது. முதல்முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். 2020 அக்டோபரில் வந்த விதி வழி பார்க்க மட்டும் இடம் தருகிறது. அதுவும் கவனம் சிதறாத வகையில்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன்பே மேப்பில் போட்டு, குரல் வழிகாட்டலை இயக்கிவிடுங்கள். ஸ்டாண்ட் சாலையை மறைக்கக் கூடாது, ஏர்பேக் விரியும் இடத்திலும் இருக்கக் கூடாது. வழி மாற்ற வேண்டுமா? ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு மாற்றுங்கள். மடியில் வைத்த போன் பிரேக் அடித்ததும் பெடல் பக்கம் சரியும். குனிந்து தேடும்போது ஸ்டியரிங்கும் கூடவே திரும்பிவிடும். மடியில் வைக்கவே வேண்டாம். விழுந்துவிட்டால், அது எவ்வளவு அடித்தாலும் வண்டியை நிறுத்தும்வரை தொடாதீர்கள்.