பிளாஸ்மா டிவிக்குள் இரத்தம் ஏது?

போன மாதம் என் மனைவியின் தம்பி கைப்பேசியை நீட்டினான். பழைய சாமான் கடையில் 42 அங்குல பிளாஸ்மா டிவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்று ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணினிக் குரல் ஒன்று கேட்டது: “உங்கள் வீட்டுக்கு ஏற்றது குருதி நீர்மத் தொலைக்காட்சியா, திரவப் படிகத் தொலைக்காட்சியா?”

பிளாஸ்மாவைத் தமிழாக்குகிறேன் என்று போட்ட இந்தக் ‘குருதி நீர்மம்’ என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டேன். இந்த முறை மைத்துனன், “அத்தான், உள்ள தண்ணி மாதிரி ஏதோ இருக்காமே, கசியுமா?” என்று கேட்டுவிட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிளாஸ்மா கிரேக்கச் சொல். பிசைந்தோ வார்த்தோ உருக்கொடுத்த பொருள் என்று பொருள். பிளாஸ்டிக், பிளாஸ்டர் எல்லாம் அதன் உறவுக்காரர்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் அதை இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். 1928இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மூர், மின்சாரம் பாய்ந்து அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவுக்கு அதே பெயரை வைத்தார். அவருக்கு இரத்தம்தான் நினைவுக்கு வந்ததாம், கூட வேலை பார்த்தவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரத்தத்தின் நீர் அணுக்களைச் சுமப்பதுபோல இந்த வாயு மின் துகள்களைச் சுமக்கிறது என்ற ஒப்புமை.

சரி, அப்படியானால் குருதி நீர்மம் என்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். லாங்மூர் எடுத்துக்கொண்டது ஒப்புமையை மட்டும். நம் மொழிபெயர்ப்பாளரோ இரத்தத்தையே டிவிக்குள் ஊற்றிவிட்டார். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு. பிளாஸ்மா திரையில் இருப்பது வாயு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள், அவற்றில் நியானும் செனானும். மின்னழுத்தம் கொடுத்தால் அந்த வாயு பிளாஸ்மாவாகிப் புற ஊதாக்கதிரை வீசும். அது அறைச்சுவரில் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பூச்சுகளை ஒளிரவைக்கும். வீட்டு டியூப்லைட்டில் பாதரச ஆவி செய்கிற வேலையும் இதுதான். முழு எச்டி திரை என்றால் இப்படி 62 லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டி டியூப்லைட்டுகள். இதில் நீர்மம் எங்கே வந்தது? இந்தக் குழப்பம் சொல்லோடு நிற்பதும் இல்லை. ஏசிக்குப் போடுவதுபோல இதற்கும் அவ்வப்போது கேஸ் ஏற்ற வேண்டும் என்று கதை விட்டவர்களும் உண்டு. அந்த வாயு கண்ணாடிக்குள் அடைத்து மூடியது. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

வேறு இரண்டு சொற்களும் புழங்குகின்றன. ‘மின்மம்’ எனக்கு ஒத்துவரவில்லை. மின்னூட்டத்தையே மின்மம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே சொல்லில் இரண்டு குழப்பம் எதற்கு? ‘அயனிமம்’ பரவாயில்லை. அயனி இரவல்தான் என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இரவல், பொருளையும் சரியாகச் சொல்கிறது. அயனிமத் திரை என்று எழுதுங்கள். வராவிட்டால் பிளாஸ்மா என்றே விட்டுவிடுங்கள், தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது.

எல்சிடி, அதாவது லிக்விட் கிரிஸ்டல் டிஸ்ப்ளே, கதை வேறு. அதற்கு நீர்மப் படிகம் என்பது பொருத்தமான பெயர். 1888இல் பிராகாவில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கல் நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் தெளிந்தது. நடுவில் இருந்த நிலை நீர்போல ஓடியது, படிகம்போல ஒளியைக் கையாண்டது. சிலர் இதைத் ‘திரவப் பளிங்கு’ என்கிறார்கள். ‘அடுத்தது காட்டும் பளிங்கு’ என்று வள்ளுவர் சொன்னதற்கு அது அழகாகத்தான் பொருந்துகிறது. எல்சிடி தானாக ஒளிராது, பின்னால் இருக்கும் விளக்கின் ஒளியை வேண்டிய அளவு விடும், மறைக்கும், அவ்வளவே. ஆனால் இன்று பளிங்கு என்றால் ஜனங்களுக்குத் தரையில் போடுகிற மார்பிள்தான். படிகம் போதும். அப்புறம், டிஸ்ப்ளேவுக்குப் போடுகிற இந்தக் ‘காட்சி’ வேண்டாம். ‘நீர்மப் படிகக் காட்சி’ என்றால் நாடகத்தில் மூன்றாம் காட்சி மாதிரி இருக்கிறது. திரை என்ற சொல் கையில் இருக்கும்போது அதைப் போடுவதற்கு என்ன?

இந்த வேறுபாடு புரிந்தாலே வாங்குவதா வேண்டாமா என்பதில் பாதி தெளிந்துவிடும். அயனிமத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு கறுப்பாகத் தெரியும், ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் கரண்டு தின்னும், சூடாகும், ஒரே சேனலை நாள் முழுக்க வைத்தால் அதன் சின்னம் திரையில் நிழலாகத் தங்கிவிடும். எல்சிடியில் பின்விளக்கு கசிவதால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், ஆனால் வெயில் அடிக்கும் கூடத்தில் அதுதான் கண்ணுக்குத் தெளிவு. 2013 கடைசியில் பானசோனிக்கும் 2014இல் சாம்சங்கும் பிளாஸ்மா டிவி செய்வதையே நிறுத்திவிட்டதால் இனி உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டும்.

மைத்துனன் வீட்டுக் கூடத்தில் மேற்கே பெரிய ஜன்னல். மாமனார் விடிந்தால் போட்ட செய்திச் சேனலை இரவு படுக்கும்போதுதான் நிறுத்துவார். பிளாஸ்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது டிவி வாங்கிப் பில்லைப் படம் எடுத்து அனுப்பினான். ‘எல்இடி டிவி’ என்று போட்டிருந்தது. அதுவும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் எல்இடி. இதை ‘ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி’ என்று எழுதுகிறவர்களோடு இன்னொரு நாள் சண்டை போட வேண்டும்.